டெங்குவுக்கு மருத்துவமனையில் சேர்த்தும் பாராசிட்டமால் தவிர வேறு மருந்து ஏன் கொடுப்பதில்லை?

தம்பியை அரசு மருத்துவமனையின் டெங்கு வார்டில் சேர்த்து இரண்டு நாள் ஆகிறது, காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள், பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். தண்ணீரும்தான் தருகிறார்கள், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 62,000க்கு இறங்கிவிட்டது, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பதினோரு வருடமாக ஐப்பசி, கார்த்திகை வந்தாலே எனக்குக் காய்ச்சல் வார்டில்தான் டியூட்டி. உங்கள் பதற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சீசனில் தினமும் நாலு பேராவது இதையேதான் கேட்பார்கள்.

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து எந்த மருத்துவமனையிலும் கிடையாது. வைரஸ் சில நாளில் தானாகவே போய்விடும். அது போகிற சமயத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்கிற நீர் நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், பி.பி. விழும். 24 முதல் 48 மணி நேரம் இந்தக் கசிவு இருக்கும், அப்புறம் நின்றுவிடும். அந்த இரண்டு நாளை ஆளுக்குச் சேதமில்லாமல் தாண்ட வைப்பதுதான் வைத்தியம்.

இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கசிவு தொடங்குவது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, காய்ச்சல் விடும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்.

சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அவன் அம்மா துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "உடம்பு சுடவே இல்ல சிஸ்டர், இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாமா?" என்றார். பையன் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வயிற்றில் கை வைத்தால் தட்டிவிட்டான். பாதம் ஜில்லென்று இருந்தது. பி.பி. 92/74. அந்த 92ஐ மட்டும் பார்த்தால் சின்னப் பையனுக்கு அது சரியான அளவுதான். நாங்கள் பார்ப்பது இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. அது 20க்குள் சுருங்கிவிட்டால் ரத்த ஓட்டம் தடுமாறுகிறது, அதிர்ச்சி நிலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) முந்தின நாள் 36 இருந்தது, அன்று 45. டாக்டர் வந்து அவன் எடைக்குக் கணக்குப் போட்டு டிரிப்ஸ் ஓடவிட்டார். முதல் சில மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்தேன். அவன் குடித்ததை டம்ளர் கணக்காக அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வைத்தார். சிறுநீரை அளந்து எழுதினோம். மறுநாள் சாயங்காலம் அவனாகவே தோசை கேட்டான். அந்த ராத்திரி அவன் உடம்பில் ஏறியது சாதாரண உப்புத் தண்ணீர்தான். ஆனால் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எப்போது நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருந்தது.

அதனால் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். கசிவைக் காட்டிக்கொடுப்பது பி.சி.வி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். முதல் நாள் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். பிளேட்லெட் 62,000 என்பது டெங்குவில் சர்வசாதாரணம். ரத்தக்கசிவு எதுவும் இல்லாதவரை 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றியே பொதுவாக யோசிப்பார்கள். 40,000 இருக்கும்போதே உறவுக்காரர்கள் ரத்த தானம் செய்பவர்களைத் தேடி ஊரெல்லாம் அலைவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். ஏற்றினாலும் அது உடம்பில் ரொம்ப நேரம் நிற்காது. பப்பாளி இலைச் சாறு ஆளைக் காப்பாற்றும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் கசப்பில் வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் போய்விடுகிறது.

"ரெண்டு பாட்டில் சேர்த்துப் போடுங்க, தெம்பு வரும்" என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். கசிவு நின்றபின் வெளியே போன நீரெல்லாம் திரும்ப ரத்தத்துக்குள் வரும். அந்த நேரம் டிரிப்ஸ் அதிகமாகிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். வாயால் குடிக்க முடிகிற ஆளுக்கு இளநீர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். போதும். வலிக்கு என்று வெளியிலிருந்து வேறு மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. புரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும்.

அப்புறம், புழுக்கமாக இருக்கிறது என்று பகலில் கொசுவலையைத் தூக்கி மேலே போட்டுவிடுகிறார்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு சில நாள் கழித்து யாரைக் கடித்தாலும் அவருக்கும் வரலாம். பக்கத்துக் கட்டிலில் வேறு நோயோடு படுத்திருப்பவருக்காகவும்தான் அந்த வலை.

இடம் மாற்றுவது பற்றி: அங்கே பி.பி.யும் பி.சி.வி.யும் அடிக்கடி பார்க்கிறார்கள் என்றால், ஐந்தாம் நாளில் தம்பியை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பார்ப்பதில்லை என்றால் டியூட்டி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை.

இன்று ராத்திரி நீங்கள்தான் கூட இருக்கப்போகிறீர்கள் என்றால், வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு அசந்து தூங்குகிறான், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மணிக்கு ஒரு தடவை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் எத்தனை மணியானாலும் சிஸ்டரை எழுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.