லீடா, லெடா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேதியியல் பாடத்தில் வரும் எல்-இ-ஏ-டி என்ற சொல்லை என் மகள் ‘லீட்’ என்று படித்தாள். ‘லெட்’ என்று ஆசிரியை திருத்தினாராம். தலைமை தாங்குவதற்கும் அதே எழுத்துகள்தானே? எங்கள் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அந்த ‘லெட்’தானா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆசிரியை சொன்னதுதான் சரி. இவை வேர் வேறான இரண்டு சொற்கள். எழுத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டன.

அழைத்துச் செல்வதைக் குறிக்கும் ‘லீட்’, ‘போ’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வினையின் பிறவினை. நம் ‘நட’விலிருந்து ‘நடத்து’ பிறந்தது போலத்தான். சுமையைச் சொல்லும் ‘லோட்’ இதற்கு உறவு. முதலில் அதற்கு வழி, பயணம் என்றே பொருள். உலோகத்தின் பெயரிலும் ஒரு காலத்தில் நெடில்தான் இருந்தது. பிரெட், ஹெட், டெட் ஆகிய சொற்களில் குறுகியது போல இதிலும் குறுகிவிட்டது. இந்த மூன்றும் அதே ‘இ-ஏ-டி’யில் முடிபவை என்பதால், மகள் இவற்றோடு சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும்.

தேர்வில் அதிகம் தவறுவது இறந்தகாலத்தில். ‘ரீட்’ இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் ‘ரெட்’ ஆகிறதே என்று ‘லீட்’டையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதன் இறந்தகாலம் எல்-இ-டி, ‘ஏ’ கிடையாது.

இன்வெர்ட்டர் பேட்டரி ‘லெட் ஆசிட்’. மல்ட்டிமீட்டரின் ஒயர் ‘லீட்’. பென்சில் முனையும் ‘லெட்’தான், ஆனால் உள்ளே இருப்பது கிராஃபைட், அந்தக் காலத்தில் அதை ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்ததால் ஒட்டிய பெயர். ஈயத்தின் லத்தீன் பெயர் பிளம்பம். ‘பிபி’ என்ற குறியீடும், ஈயக் குழாய் வேலை செய்தவரான ‘பிளம்பர்’ என்ற பெயரும் அதிலிருந்து வந்தவை.

இனிச் சொம்பு. தமிழில் ‘ஈயம்’ என்பது இரண்டு உலோகங்களுக்கும் பொதுப்பெயர். காரீயம்தான் ‘லெட்’. ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம், அதாவது ‘டின்’. இதில் குழப்பம் கூடவே கூடாது. புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து உணவில் இறக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

உங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சொம்பு வாங்குபவர்கள் வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள்: காரீயம் சாம்பல் நிறக் கோடு போடும். அதே அளவு வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். ஆனால் கலப்படமோ, காரீயம் கலந்த பற்றாசு (சால்டர்) வைத்த ஒட்டோ இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அதுவரை அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும், ரசம் வேண்டாம்.

நல்ல வெள்ளீயச் சொம்பு என்றாலும் வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை அடிப்பாகத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றினால் ஓட்டை விழும். தீ பக்கவாட்டில் ஏறினாலும், ரச மட்டத்துக்கு மேலே உள்ள பகுதி இளகிவிடும். எனவே ரசத்தை ஊற்றிய பிறகே சிறு தீயில் ஏற்றுங்கள்; நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சொம்பை இறக்குங்கள்.