முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர்: பணம் கொடுத்தால் ரீவேல்யுவேஷனில் பாஸ் ஆகுமா?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ கணிதத்தில் 91 வாங்கியவன். முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் அரியர் விழுந்துவிட்டது. கல்லூரியே போடும் இன்டெர்னல் மார்க், 40-க்குக் கணிதத்தில் 34, இயற்பியலில் 19. சீனியர் ஒருவர் மூலம் அறிமுகமானவர், பேப்பருக்கு 8,000 ரூபாய் கொடுத்தால் ரீவேல்யுவேஷனில் பாஸ் வாங்கித் தருவதாகவும், பாஸ் ஆகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். என் மார்க் விவரம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுக்கலாமா? இந்த அரியரால் வேலை கிடைக்காமல் போகுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம், டோக்கன், பாதி இப்போது பாதி அப்புறம், எதுவுமே வேண்டாம். மற்றக் கேள்விகளுக்குப் போவதற்கு முன் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவர் ஐம்பது மாணவர்களிடம் பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள் முறைப்படி விண்ணப்பம் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். உண்மையில் அவர் எதையும் பார்ப்பதில்லை. எந்த மறுமதிப்பீட்டிலும் சிலர் தானாகவே தேறிவிடுவார்கள். முதலில் திருத்தியவர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டிருப்பார், கூட்டல் தப்பியிருக்கும், ஒரு விடைக்குக் கஞ்சத்தனமாக மார்க் போட்டிருப்பார். அப்படித் தேறுகிறவர்களின் பணம் அவருக்கு. தேறாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாலும் நஷ்டம் கிடையாது, "வாக்குத் தவறாத ஆள்" என்ற பெயர்தான் மிஞ்சும். அடுத்த செமஸ்டரில் அந்தப் பெயரே விளம்பரம். பலர் திருப்பித் தருவதும் இல்லை என்பது வேறு கதை. திருட்டுத்தனமாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு எந்த மாணவன் போலீசுக்குப் போவான்?

உங்கள் மார்க் அவருக்குத் தெரிந்ததில் மாயம் எதுவும் இல்லை. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் மாணவர் தளத்தைத் திறந்து பார்த்துவிடலாம். அந்த இரண்டையும் "செக் பண்ணிச் சொல்கிறேன்" என்று அவர் உங்களிடமே வாங்கியிருப்பார், யோசித்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்த சாவியால் உங்கள் வீட்டையே திறந்து காட்டிவிட்டு, "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்கிறார். திருத்துபவரின் கைக்கு விடைத்தாள் போகும்போது அதில் உங்கள் பதிவு எண் இருக்காது, டம்மி எண்தான் இருக்கும். திருத்துபவருக்கே அது யாருடையது என்று தெரியாது.

"அப்படியானால் 2018-இல் நடந்தது என்ன?" என்று உங்கள் சீனியர் கேட்பார். சரியான கேள்விதான். 2017 ஏப்ரல்-மே தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் கூட்டியதாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018 ஆகஸ்டில் வழக்குப் பதிந்தது உண்மை. பல்கலைக்கழக அதிகாரிகள் மீதே வழக்கு. இதைச் சொல்லித்தான் தரகர்கள் இன்றுவரை பிழைக்கிறார்கள். உங்களிடம் பேசுபவர் பொய்க்காரராக இருந்தால் பணம் போகும். உண்மையிலேயே "உள்ளே ஆள்" வைத்திருப்பவராக இருந்தால், நாளை ஒரு விசாரணை வரும்போது உங்கள் பதிவு எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கும். இதில் எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி உங்கள் மார்க்குக்கு வருவோம். நீங்கள் 2021 விதிமுறையில் படிப்பவர் என்றால், எழுத்துப் பாடங்களுக்கு இன்டெர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. நூறு மார்க்குக்கு எழுதுவதை அறுபதுக்குச் சுருக்குவார்கள். பாஸ் ஆக இரண்டு நிபந்தனை: செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், இரண்டையும் சேர்த்து 50. கணிதத்தில் உங்களுக்கு 34 இருப்பதால் மொத்தம் 50-ஐத் தொட இன்னும் 16 போதும். ஆனால் முதல் நிபந்தனை அதற்கு விடாது, தாளில் 45 எடுத்தே ஆக வேண்டும். ஆக நீங்கள் எடுத்தது 45-க்குக் கீழே. இயற்பியலில் கதை வேறு. 19-ஐ வைத்துக்கொண்டு 50-க்குப் போக அறுபதில் 31 வேண்டும், அதாவது தாளில் 52. 48 எடுத்தும் தோற்றிருக்கலாம். அங்கே உங்களைக் கவிழ்த்தது இன்டெர்னல்.

எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை ரிசல்ட்டில் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் தேறவில்லை என்பதற்கு வெறும் 'யு' என்று ஓர் எழுத்தைத்தான் காட்டுவார்கள். நாற்பத்து நான்கும் 'யு', நான்கும் 'யு'. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம், ஒரு பையன் தன் மார்க்கைத் தெரிந்துகொள்ளத் தனியாகக் காசு கட்டி விடைத்தாள் நகல் வாங்கு என்கிறது. தரகருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எத்தனை வருடமாகச் சொல்கிறோம், காதில் விழுந்தபாடில்லை.

இருந்தாலும் இரண்டு பாடத்துக்கும் நகல் வாங்குங்கள். நகல் வாங்காமல் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகம் அறிவிக்கும் கடைசித் தேதிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே கல்லூரி அலுவலகம் தன் வசதிக்குக் கதவைச் சாத்திவிடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நகல் வந்ததும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் கொடுத்துக் கேள்வி வாரியாகத் திருத்தச் சொல்லுங்கள். அவர் பரிந்துரை இருந்தால்தான் அடுத்த கட்டம். திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூட்டல் சரியா, கூடுதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்களா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மார்க் இடைவெளி என்றால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கணிதத் தாளில் நூற்றுக்கு 28 எடுத்திருந்தால் அந்தக் காசுக்குப் பழைய கேள்வித்தாள்களை நகலெடுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரிசல்ட்டில் இருப்பது 'யு' தானா, 'எஸ்.ஏ.'வா? பலர் இரண்டையும் அரியர் என்றே சொல்கிறார்கள். 'எஸ்.ஏ.' என்றால் வருகைப்பதிவுக் குறைவு. அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. செமஸ்டரில் 75 சதவீத வருகை வேண்டும். 65-லிருந்து 75-க்குள் இருந்தால் உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, கட்டணமும் கட்டித் தேர்வு எழுத அனுமதி வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு விடைத்தாளே இருக்காது. இந்த இடத்திலும் தரகர் உண்டு, மருத்துவச் சான்றிதழ் விற்பவர். ஆஸ்பத்திரிப் படியே ஏறாதவனுக்கு டைஃபாய்டு என்று எழுதி வாங்கி, கல்லூரி விசாரித்தபோது மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அன்றே வகுப்பு ஆலோசகருக்குத் தகவல் சொல்லி, சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். செமஸ்டர் கடைசியில் ஓடாதீர்கள். உங்களுக்கு மற்றப் பாடங்களில் கிரேடு வந்திருக்கிறது என்றால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாம் செமஸ்டரில் வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

வேலை விஷயம். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை கேட்பது, நேர்காணல் நேரத்தில் தீராத அரியர் இருக்கிறதா என்பதைத்தான். முன்பு எப்போதாவது இருந்ததா என்று கேட்பவை சில. அதற்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. ஒன்று மட்டும் கைநழுவிப் போகலாம், மறைக்க விரும்பவில்லை: டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு வாங்க எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி (சி.ஜி.பி.ஏ.) 8.50 மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் முயற்சியில் தேறியிருக்க வேண்டும். மறுமதிப்பீட்டில் பாஸ் வராவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

91 வாங்கியவனுக்கு ஏன் இப்படி என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் ஒரே பாடப்புத்தகத்தை ஒரு வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டோம். இங்கே ஐந்து யூனிட்டைச் சில மாதங்களில், அதுவும் பாதிப் பேருக்கு ஓடாத ஆங்கிலத்தில் ஓட்டிவிடுகிறார்கள். கணிதத் தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, யூனிட்டுக்கு ஒன்றாகப் பதினாறு மார்க் கேள்வி ஐந்து. இரண்டு யூனிட்டின் பதினாறு மார்க்கை முழுதாகப் போட்டு, இரண்டு மார்க்கில் ஏழு சரியாக எழுதினால் 46. மேட்ரிசஸ் யூனிட்டிலிருந்து தொடங்குங்கள், வழிமுறை மாறாத கணக்குகள் அதில்தான் அதிகம். இயற்பியலுக்கு 52 வேண்டும் என்பதால் மூன்று யூனிட்டாவது கையில் இருக்கட்டும்.

வீட்டில் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கல்லூரி அலுவலகம் எப்படியும் அப்பாவுக்குப் போன் போடும், அது உங்கள் வாயால் போனால் நல்லது. அந்த ஆளுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். அப்புறம், மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று காத்திருந்து ஏப்ரல்-மே தேர்வுக்கு அரியர் கட்டணம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். முடிவு வருவதற்கு முன்பே கட்டணத் தேதி முடிந்துபோவது இங்கே வழக்கம். இரண்டு பாடத்துக்கும் கட்டிவிட்டுக் காத்திருங்கள்.