செங்கல்பட்டு நேற்றுப் பிறந்த மாவட்டமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தான். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கும் என்னைப் போன்றவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். சென்னையில் வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து படுக்கிற இடத்துக்கு வரலாறு, குணம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, இது வீண் பெருமை இல்லையா?
- வாசகர் ஒருவர், கூடுவாஞ்சேரி

பதில்: நீங்கள் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுவது, தொலைந்த பெயரைத் திருப்பிக் கொடுத்த ஓர் அரசாணை. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீர்தான் (வரி வசூலிக்கும் உரிமையோடு கொடுக்கப்பட்ட நிலப்பகுதி) பின்னாளில் மாவட்டமாயிற்று. 1997-இல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரித்தபோது செங்கல்பட்டு என்ற பெயர் மாவட்டப் பட்டியலிலிருந்தே போனது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் பல்லாவரத்துக்குப் போங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இடம் அது. அங்கேயும் அன்றைக்கு யாரோ வெளியூர்க்காரர்தான் வந்து குடியேறியிருப்பார்.

குணம் பற்றிக் கேட்டீர்கள். சென்னை தனக்கு வேண்டாததையும் தன்னிடம் இடம் போதாததையும் நூறு ஆண்டுகளாகத் தெற்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொள்வது இந்த மாவட்டத்தின் வேலை. தொழுநோயாளிகளுக்குத் திருமணியில் மருத்துவமனை. காசநோயாளிகளுக்குத் தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம். இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்த அதே சௌரிமுத்துதான். இன்று மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஜார்ஜ் டவுனில் நெருக்கடி தாங்காமல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. பார்க் டவுனிலிருந்த மிருகக்காட்சிசாலை 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. அணுமின் நிலையம் கல்பாக்கத்தில். கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை நெம்மேலியில். கடைசியாகக் கோயம்பேட்டிலிருந்து தெற்கே போகும் வெளியூர் பஸ்களும், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் படிப்படியாகத் தள்ளப்பட்டன, பக்கத்தில் ரயில் நிலையம் கட்டி முடிக்கும்வரைகூடக் காத்திராமல்.

இந்த வரிசையில் அடுத்ததாக வந்தவர் நீங்கள். சென்னையில் வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, தெற்கே வந்தீர்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அனுப்பி வைக்கப்பட்டவர்கள் இங்கே சும்மா படுத்திருக்கவில்லை என்பதையும் பாருங்கள். கிறித்துவக் கல்லூரி வளாகம் இன்று காடாக நிற்பதில், அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்ட மரங்களுக்குப் பங்கு உண்டு. அவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், அதுவும் கடல் கடந்த வெளியூர்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்களைப் போன்றவர்கள் வந்தபோது இங்கே வெற்று நிலம் கிடந்ததாக ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. மனை விற்றவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். 1891-இல் இந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட சாதியினர் சொந்தமாகக் கையளவு நிலமும் இல்லாமல் படும் பாட்டை அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதன் விளைவாக மறு ஆண்டு பிறந்ததுதான் பஞ்சமி நிலம், அதாவது அந்தச் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம். முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் அதே பிரிவினருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படியெல்லாம் கைமாறின என்பது இந்தப் புறநகரின் வளர்ச்சிக் கதையில் யாரும் விளம்பரம் செய்யாத அத்தியாயம். கரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். வரலாறு இல்லாத ஊரில் இப்படியெல்லாம் நடக்காது, ஐயா.

நிலத்தைப் போலத்தான் நீரும். இது ஏரிகளின் மாவட்டம். 1790-களில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரையை இராமர் வந்து காத்தார் என்று நம்பிக் கோயில் பணி செய்ததாக ஊரார் இன்றும் சொல்கிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, வரி வசூலிக்க வந்த வெள்ளைக்காரர்கூடக் கரை உடைந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டு நின்றதாக ஊர் நினைவு வைத்திருக்கிறது. நாமோ வரத்துக் கால்வாய்மேல் தெரு போட்டு, அதற்கு ஒரு நகர் பெயரும் வைத்தோம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர், தன் பழைய வழி எது என்பதைக் காட்டிவிட்டுப் போனது.

இதையெல்லாம் நான் எழுதி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் மனையின் பழைய புல எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், 'அ' பதிவேட்டில் அது என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நஞ்சையா, மேய்க்காலா, ஏரி உள்வாயா, நிபந்தனை நிலமா? பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புங்கள், அதையும் வெளியிடுகிறேன்.