ஆளுநர் நியமித்தவரை ஆளுநரே நீக்கலாமா?

அன்புள்ள ஐயா,

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். அரசமைப்பு அமைப்புகள், சட்டப்பூர்வ அமைப்புகள், ஒழுங்குமுறை ஆணையங்கள் என்று ஒரு நீண்ட அட்டவணையையே மனப்பாடம் செய்தாயிற்று. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் கீழ் வருகிறது என்று எழுதி மதிப்பெண் போயிற்று. ஆளுநர் நியமித்தவரை ஆளுநரால் நீக்க முடியாதா என்பதும் புரியவில்லை. எப்படிப் படிக்க வேண்டும்?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஓர் அமைப்பை எடுத்ததும் நான்கு கேள்வி கேளுங்கள். எதிலிருந்து பிறந்தது? யார் நியமிக்கிறார்? யார் நீக்குகிறார்? அதன் சொல் கட்டளையா, பரிந்துரையா? ஒன்றுக்கான விடையை வைத்து இன்னொன்றை ஊகித்தால்தான் தவறு வருகிறது.

தேர்தலுக்கு உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கு ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு நடக்க வேண்டும். பெருந்தொகை பிடிபட்டதை அடுத்து இரண்டு நாள் முன்பு தேர்தல் ரத்தானது. ரத்து செய்தவர் குடியரசுத் தலைவர். பரிந்துரைத்தது, அரசமைப்பின் உறுப்பு 324-இன்படி இயங்கும் இந்தியத் தேர்தல் ஆணையம். மக்களவைத் தேர்தலுக்கான அறிவிக்கையை வெளியிடுபவர் குடியரசுத் தலைவர் என்பதால் அதைத் திரும்பப் பெறுவதும் அவர் பெயரில்தான். சட்டமன்றத் தொகுதியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஆளுநர் வருவார். பிறகு ஆகஸ்ட் 5-இல் வாக்குப்பதிவு நடந்தது.

அதே மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தலை நடத்தியது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இதன் வேர் உறுப்பு 243கே, நகராட்சிகளுக்கு 243இசட்ஏ. டெல்லியிலிருக்கும் ஆணையத்துக்கு இது கிளை அல்ல. இரண்டு தேர்தலிலும் ஆட்சியரும் ஆசிரியர்களுமே வேலை செய்வதாலும், சட்டமன்ற வாக்காளர் பட்டியலை அடிப்படையாக வைத்தே உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிப்பதாலும் இரண்டும் ஒன்றெனத் தோன்றிவிடுகிறது.

இனி நீக்கம். மாநிலத் தேர்தல் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரை நீக்க முடியும், அதாவது நாடாளுமன்றம் வழியாக. டிஎன்பிஎஸ்சி தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் ஆளுநர். நீக்கும் அதிகாரம் உறுப்பு 317-இன்படி குடியரசுத் தலைவருக்கே. மாநில மனித உரிமைகள் ஆணையத்திலும் அப்படியே. இதைப் படித்த வேகத்தில் எல்லாருக்கும் இதே விதி என்று எழுதினால் மாநிலத் தகவல் ஆணையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தகவல் ஆணையரை நியமிப்பவரும் நீக்குபவரும் ஆளுநர்தான். நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, இயலாமை ஆகிய காரணங்களுக்கு உச்ச நீதிமன்ற விசாரணை முடிந்திருக்க வேண்டும். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலோ உறுப்பு 165-இல் இடம்பெற்ற அரசமைப்புப் பதவியாளர். ஆனால் ஆளுநரின் விருப்பம் உள்ளவரைதான் பதவி. அரசமைப்பில் பெயர் இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பலமும் பிறப்பைப் பார்த்து வருவதில்லை. தகவல் ஆணையம் அரசமைப்பில் அல்ல, தகவல் உரிமைச் சட்டத்தில் பிறந்ததுதான். ஆனாலும் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடும். மனித உரிமைகள் ஆணையமும் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அது விசாரித்துப் பரிந்துரைக்கும்.

ஆண்டுகளைப் படிக்கும்போது தொடங்கிய ஆண்டையும் சட்டத் தகுதி பெற்ற ஆண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964, சட்டம் 2003. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 1988, சட்டம் 1992. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் 1993-இல் சட்டப்பூர்வ அமைப்பு; 2018-இல் 102-ஆவது திருத்தத்தால் உறுப்பு 338பி. மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை தரும் நிதி ஆயோக் 2015 முதல் இன்றுவரை அமைச்சரவைத் தீர்மானம் மட்டுமே.

ஒழுங்குமுறை அமைப்புகளில் மேல்முறையீடு எங்கே போகிறது என்பதே முக்கியம். பேரணாம்பட்டு உங்களுக்குப் பக்கம், தோல் தொழிற்சாலையை வைத்தே பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ் ஓர் ஆலைக்கு இசைவாணை மறுக்கிறது. 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் போகலாம்; அங்கிருந்து தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அங்கிருந்து 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். தோல் ஆலைக் கழிவு பற்றிய பாலாற்று வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவின்கீழ் தனி அதிகார அமைப்பை உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்துபவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இரண்டையும் நாட்டின் சட்டத்தில் சேர்த்தது இந்தத் தீர்ப்பு. முதன்மைத் தேர்வில் உங்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்காட்டு தரலாம். மற்றவை சுருக்கம்: செபி, ஐஆர்டிஏஐ (காப்பீடு), பிஎஃப்ஆர்டிஏ (ஓய்வூதிய நிதி) மூன்றின் ஆணைகளும் பங்குப் பரிவர்த்தனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, டிராய் (தொலைத்தொடர்பு) என்றால் டிடிசாட் எனும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம், போட்டி ஆணையம் என்றால் என்சிஎல்ஏடி எனும் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

சீனியர்களிடமிருந்து வாங்கிய நோட்ஸ் என்றால் மூன்று இடங்களை உடனே பாருங்கள். தகவல் ஆணையர் பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்றிருந்தால் அடித்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசின் விதிகள்படி மூன்று. தேசிய மனித உரிமைகள் ஆணையத் தலைவருக்கும் 2019 முதல் மூன்று ஆண்டு அல்லது 70 வயது. உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி எவரும் தலைவராகலாம், தலைமை நீதிபதியாக இருந்திருக்க வேண்டியதில்லை. தலைமைத் தேர்தல் ஆணையர் தேர்வுக் குழுவுக்கு 2023 சட்டத்தைப் படியுங்கள்: பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் பரிந்துரைக்கும் ஒரு மத்திய அமைச்சர்.