எழுந்ததுமே அசதி: கேள்வி பதில்

(சேலம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயோடு குடும்பமும் வேலையும் பார்த்தவர். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள்.)

அம்மாபேட்டையிலிருந்து ஒரு நெசவாளர்: லூபஸ் அடங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதே, அக்கா?

அவர் சொல்வதும் மெய், உங்கள் உடம்பு சொல்வதும் மெய். நோய் அடங்கிய பிறகும் அசதி பலருக்குத் தங்கிவிடுகிறது. அதற்காக எல்லாப் பழியையும் லூபஸ் தலையில் போட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் பெண்களுக்கு அது ரத்தசோகை. தைராய்டு குறைவும் லூபஸும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சகஜம். வெயில் நோயைக் கிளறிவிடும் என்று அதற்கு ஒளிந்தே வாழ்கிறோம், வைட்டமின் டி குறையாமல் என்ன செய்யும்? இந்த மூன்றுக்கும் மருந்து உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள் என்றால் காலை உணவுக்குப் பின் போடுங்கள். சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டத் தொழிலாளி: இங்கே குளிர்தானே. குடை பிடித்தால், உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும், கண்ணு. குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் அந்தக் கதிர் கூடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மில் பலருக்கு நோயைக் கிளறிவிடுவதே அந்தக் கதிர்தான், பின்னாலேயே அசதியும் வரும். மேகமூட்டத்தை நம்பவேண்டாம். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, முகத்துக்கு சன்ஸ்கிரீன். பழம் பறிக்கும்போது சில்வர் ஓக் மர நிழல் விழும் வரிசையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருகிற நாளுக்கு மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: என் மனைவி நன்றாக இருக்கும் நாளில் வீட்டையே புரட்டிப் போட்டு வேலை செய்கிறாள். அப்புறம் மூன்று நாள் எழுந்திருப்பதில்லை.

தம்பி, ஜாக்கிரதை வேண்டியது அந்த நல்ல நாளில்தான். சம்பளம் வந்த அன்றே எல்லாவற்றையும் செலவழிக்கிற மாதிரி அது. விழுந்த பிறகு ஓய்வு எடுப்பதில் பலன் குறைவு. தெம்பு இருக்கும்போதே நிறுத்த வேண்டும். துணி துவைக்கும் நாளில் மாவு ஆட்டக் கூடாது. காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்தே. சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு உயரமான முக்காலி போட்டுக் கொடுங்கள். தாளிக்கிற நேரம்கூட நிற்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். லூபஸில் மெல்ல மெல்லக் கூட்டுகிற நடைப்பயிற்சி அசதியைக் குறைக்கும். ஆனால் 'நாட்பட்ட சோர்வு நோய்' என்று தனியாக ஒன்று உண்டு. அதில் சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடம்பு மோசமாகும். அவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. எந்த நோய் என்று தெரியாமல் 'நடந்தால் சரியாகிவிடும்' என்று யாரையும் விரட்டாதீர்கள்.

அஸ்தம்பட்டி, மருமகள்: 'முகம் பளபளவென்று இருக்கிறது, படுக்கைதான் கேட்கிறது' என்கிறார் மாமியார்.

'அசதியாக இருக்கிறது' என்றால் யாருக்கும் புரியாது. எல்லோருக்கும் அசதி உண்டு. 'பத்துப் பாத்திரம் தேய்த்தால் மத்தியானம் தலைவாரக் கை தூக்க முடியவில்லை அத்தை' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் சாக்கு, மருத்துவர் சொன்னால் நோய். நம் வீடுகளின் லட்சணம் அது!

ஆத்தூர்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருக்கிறது. லூபஸ் பெயர் இல்லை. மூட்டோ பார்வையோ நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த வகையில் விண்ணப்பிக்கலாம். அசதிக்கு மட்டும் கிடைக்காது. அநியாயம்தான்.

ஓமலூர்: தெம்பு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. தெம்பு வந்ததே அதனால்தான். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் வருடத்திலேயே விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வருடாவருடம். சிறுநீரில் நுரை நிற்கிறதா, கால் வீங்குகிறதா, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீண்டும் ஏற்காடு: காபி குடிக்கலாமா அக்கா?

காபித் தோட்டத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து மட்டும் வேண்டாம், சத்து ஒட்டாது. நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரை போட்டாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் தொடாதீர்கள்.