வாசல் கோலத்தை இணையத்தில் பகிர்வது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடமாக வாசலில் கோலம் போடுகிறேன். ஆறு வருடமாக இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஏற்றி வருகிறேன். மார்கழிக்கு முன் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எத்தனையோ பேர் கோலம் போடுறாங்க. என் பக்கம் தனியாத் தெரிய என்ன செய்யணும்?

ஒரு மாதம் அடுத்தவர் பக்கத்தைப் பார்த்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் வழிவழியாக வந்த கோலங்களை மட்டும் போடுங்கள். என் அம்மா சிக்குக் கோலத்தில், அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை வளைத்துப் பின்னும் கோலத்தில், வளைவைக் கொஞ்சம் தட்டையாகத்தான் திருப்புவார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு நூலாக இறங்கும். புள்ளியைச் சுற்றும் இடத்தில் மணிக்கட்டு அசையாது, விரல் மட்டும் திரும்பும். அந்தக் கையை மட்டும் நெருக்கமாக எடுத்துப் போட்டேன். முழுக் கோலத்தின் படத்துக்கு "சூப்பர்" என்று எழுதியவர்கள், இதற்கு "எங்க பாட்டியும் இப்படித்தான்" என்று நீள நீளமாக எழுதினார்கள். உங்கள் கைப்பாங்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டுங்கள்.

போனில் எடுத்தால் கோடெல்லாம் வெளிறிப் போகுது.

வெயில் நேராக விழும் முன் எடுங்கள். தெளித்த தண்ணீரின் ஈரம் காயாமல் தரை கருமையாக இருக்கும்போது வெள்ளை எடுப்பாகத் தெரியும். திரையில் கோலத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஸ்டூல் மேல் நின்று நேர் மேலிருந்து எடுப்பது முக்கியம். சாய்த்து எடுத்தால் தூரத்துப் புள்ளிகளை எண்ண முடியாது. "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று கணக்கையும் எழுதுங்கள். நடு வரிசையில் 15 புள்ளி, அதன் இருபுறமும் வரிசைக்கு ஒன்று குறைந்து 8 வரை, ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும் என்று அதற்குப் பொருள். மொத்தம் 169 புள்ளி வரும். கணக்கு எழுதாத படத்தை ரசிக்கலாம், பார்த்துப் போட முடியாது.

நான் ஐடியில் இருக்கேன். கோலத்தைப் புரோகிராமா எழுதிப் பகிர்ந்தா கேலி பண்ணுவாங்களா?

தாராளமாகப் பகிருங்கள் தம்பி. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி மொழிக் கோட்பாட்டோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நீங்கள் நடப்பது அவர்கள் போட்ட பாதையில்தான்.

என் கோலத்தை வேறொருவர் தன்னுடையதாகப் போடுறார்.

எனக்கும் நடந்தது. ஓரத்தில் இருந்த என் பெயரை ஒரு பக்கத்தினர் வெட்டிவிட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் மனசே ஆறவில்லை. பரம்பரைக் கோலங்கள் எல்லோருக்கும் பொது. நீங்களே கற்பனை செய்து வரைந்ததற்கும், நீங்கள் எடுத்த படத்துக்கும் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அந்தந்தத் தளத்திலேயே புகார்ப் படிவம் இருக்கிறது. இப்போதெல்லாம் நடுப் பூவுக்குள் என் பெயரின் முதல் எழுத்தை மாவாலேயே எழுதிவிடுகிறேன். வெட்டினால் கோலமும் போய்விடும்.

வீட்டில் பயப்படுறாங்க.

நியாயமான பயம். கதவு எண், வண்டி எண், தெருப் பலகை படத்தில் விழக்கூடாது. ஊரில் இல்லாத நாளில் அதைச் சொல்லாதீர்கள்.

கலர் ரங்கோலி போட்டாத்தான் பார்க்கிறாங்க. எனக்குச் சிக்குக் கோலம்தான் உயிர். 12 பேர்தான் பார்க்கிறாங்க.

சிக்குக் கோலத்தையே போடுங்கள் அம்மா. அந்த 12 பேரில் யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கவனித்து, அவர்கள் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். 7 முதல் 1 வரை நேர்புள்ளி (புள்ளிக்கு நேராகப் புள்ளி, இருபுறமும் 5, 3, 1 என்று குறையும்), மொத்தம் 25 புள்ளி, அதில் தொடங்குங்கள். கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் கடைசி வளைவை வேகம் கூட்டாமல், வெட்டாமல் அப்படியே காட்டுங்கள். போட்டதும் எனக்குச் சொல்லுங்கள், 13ஆவது ஆளாக நான் வருகிறேன்.