ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நூலகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா சேர்த்து வைத்திருந்த சிற்றிதழ்கள் முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டேன். எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஆய்வு மாணவர்கள் கேட்கிறார்கள். கொடுத்தால் வேறு யாராவது தங்கள் சேகரிப்பு என்று பெயர் போட்டுக்கொள்வார்களோ என்று தயக்கம். இணையத்தில் போடலாம் என்றால் எந்தத் தளத்தை எப்போது முடக்குவார்கள், எது எப்போது மூடப்படும் என்று சொல்வதற்கில்லை. பதிப்புரிமைப் பயம் வேறு. என்னிடமே பத்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பது தவறா?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

பைண்டிங்குக்குள் மாட்டிக்கொண்ட கடைசி எழுத்துகளுக்காக ஒவ்வொரு பக்கமாக அமுக்கிப் பிடித்து ஸ்கேன் செய்திருப்பீர்கள். பெரிய வேலை. ஆனால் அந்தப் 'பத்திரமாக' என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் கீழே விழ வேண்டும் என்றுகூட இல்லை, சில வருடம் சும்மா கிடந்தாலே ஓடாமல் போகலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவுக்குப் பின் எரிக்கப்பட்டதை அறிவீர்கள். காவல்துறையினரும் காடையர்களும் (ரவுடிகளும்) வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வரலாறான 'யாழ்ப்பாண வைபவமாலை'யின் ஏட்டுப் பிரதியும் அதில் எரிந்தது என்பார்கள். ஆனால் நூல் அழியவில்லை, இன்றும் வாங்கிப் படிக்கலாம். பிரிட்டோ என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1879-லேயே வந்துவிட்டது, தமிழிலும் அச்சாகியிருந்தது. ஊர் ஊராகப் பிரதிகள் போய்விட்டதால் தப்பியது. அங்கே ஒற்றைப் பிரதியாக இருந்தவை போனது போனதுதான்.

2005-இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற மின்னூலகம் இணையத்தில் தொடங்கப்பட்டது. இன்று ஈழத்து இதழ் ஒன்றைத் தேடுபவர் முதலில் போவது அங்கேதான். அலமாரியில் இருந்ததை 'எனக்கென்ன கிடைக்கும்' என்று கேட்காமல் கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தளமே இல்லை.

முடக்கம் பற்றிய பயம் நியாயமானது. துருக்கியில் 2017 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை விக்கிப்பீடியாவைத் திறக்க முடியாமல் இருந்தது. ஆனால் விக்கிப்பீடியாவை முழுதாக ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், 'கிவிக்ஸ்' என்ற செயலியில் இணையமே இல்லாமல் படிக்கலாம். தடை உத்தரவு தளத்தின் முகவரியைத்தான் மறைக்கும். ஆளுக்கு ஆள் கணினியில் வைத்திருக்கும் கோப்பை அது என்ன செய்யும்? அதனால் ஒரு தளத்தை மட்டும் நம்பாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத் தளத்தில் ஒன்று, கேட்கும் மாணவர்களிடம் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என்று பரப்பிவிடுங்கள்.

பெயர் போட்டுக்கொள்வார்களா? போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் 'இன்னாரின் சேகரிப்பு' என்று அப்பா பெயரைச் சேர்த்துவிடுங்கள். அதையும் மெனக்கெட்டு வெட்டி எடுக்கிறவர் இதழைப் படிக்கவாவது செய்வார்.

இதைவிடப் பெரிய ஆபத்து கோப்புப் பெயர்கள். கேமரா தானாகப் போட்ட எண்ணோடு கிடக்கும் ஆயிரம் படங்களும் இருந்தும் இல்லாதவைதான். இதழின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றும் கோப்புப் பெயரிலேயே இருக்கட்டும். பல சிற்றிதழ்களில் மாதமே அச்சாகியிருக்காது, அது நம் சாபக்கேடு. இதழ் எண்ணையாவது போடுங்கள். பொருளடக்க அட்டவணை ஏதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் உடனே இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி நிற்கும். யாரும் அழிக்காமலேயே படிக்க முடியாமல் போன தமிழ்க் கோப்புகள் ஏராளம்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை குடும்பத்துக்கு. ஒரே இதழில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், அதுதான் சிக்கல். நாட்டுடைமையான, அதாவது அரசு பொதுவுடைமையாக்கிய, எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் மகிழ்ந்து சம்மதிக்கும் என்பது என் எண்ணம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். எந்த இதழில் யார் என்ன எழுதினார் என்ற அட்டவணையை வெளியிட ஒருவர் அனுமதியும் தேவையில்லை. அதை முதலில் போடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.